பழைய பட்டியலில் தொலைந்த கேலக்ஸியைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேலக்ஸி, நெபுலா (மங்கலான ஒளித்திட்டு), விண்மீன் கூட்டம் ஆகியவற்றுக்கான பழைய பட்டியலான என்ஜிசி சொல்லும் இடத்தில் டெலஸ்கோப்பைத் திருப்பினால் சில சமயம் ஒன்றுமே இருக்காது. 1888-ல் வானியலாளர் டிரையர் தொகுத்த அந்தப் பட்டியலில் 7840 பொருள்கள், பல பேர் பல ஊர்களிலிருந்து அளந்து அனுப்பியவை, எல்லாவற்றையும் அவரே வானத்தில் பார்த்துச் சரிபார்ப்பது நடக்கிற காரியமா? ஆனால் அங்கே எதுவும் இல்லை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். கண்டவர் பெரும்பாலும் எதையோ நிஜமாகவே பார்த்திருப்பார், தப்பு கணக்கில்தான் இருக்கும்.

முதலில் ஆயத்தொலைவை, அதாவது வானத்தில் இடத்தைச் சொல்லும் எண்களை, இன்றைக்கு ஏற்ப மாற்றுங்கள். அந்த எண்கள் 1860-ஆம் ஆண்டு வானத்துக்கானவை. பூமியின் அச்சு மெல்லத் திசை மாறுவதால், 2000-ஆம் ஆண்டுக்குக் கொண்டுவரும்போது வல ஏற்றம் (கிழக்கு மேற்கு இடத்தை மணி, நிமிடமாகச் சொல்லும் எண்) வான நடுவரை (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கோடு) அருகே ஏழு நிமிடத்துக்கு மேல் நகர்ந்துவிடும். இன்னொன்று, அதில் இருப்பது வான வடதுருவத்திலிருந்து பாகையில் உள்ள தூரம், 90-லிருந்து அதைக் கழித்தால்தான் நடுவரை விலக்கம் (வான நடுவரைக்கு எவ்வளவு வடக்கே அல்லது தெற்கே என்பது) கிடைக்கும்.

அப்புறம், கண்டுபிடித்தவர் யார் என்று பாருங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. பிரான்ஸின் மார்செய் நகரில் பார்த்த ஸ்டெஃபான் என்றால் எண்ணை நம்பலாம். வர்ஜீனியாவின் மெக்கார்மிக் ஆய்வகம் என்றால் கவனம்: 26 அங்குல டெலஸ்கோப்பில் கண்டதற்குப் பல இடங்களில் வல ஏற்றத்தை முழு நிமிடமாக மட்டும் குறித்தார்கள், வான நடுவரையில் ஒரு நிமிடம் என்பது கால் பாகை, அதனால் கிழக்கு மேற்காக நன்றாகத் தள்ளித் தேடுங்கள். லூயிஸ் ஸ்விஃப்டின் எண்கள் சுமார்தான், ஆனால் பக்கத்து விண்மீன்களைப் பற்றி அவர் எழுதிய குறிப்பு தங்கம். பாரிஸில் பிகூர்தான் கண்ட 'புதிய நெபுலா'க்களில் பல வெறும் மங்கலான விண்மீன்கள். வில்லியம் ஹெர்ஷல் தெரிந்த ஒரு விண்மீனிலிருந்து அளப்பார், தங்கை கரோலின் எழுதிக்கொள்வார். அந்த விண்மீனை மாற்றி எடுத்திருந்தால் அதை வைத்து அளந்த மற்றவையும் ஒரே பக்கமாக விலகியிருக்கும், அதையும் சோதித்துப் பாருங்கள்.

இந்த வகைத் தப்புக்கு இன்னும் பழைய பட்டியலான மெஸ்ஸியேவின் பட்டியலில் 91-வதான எம் 91-ஐ விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1781 மார்ச் 18 இரவு கன்னிப் பகுதியில் அவர் வரிசையாகப் பல நெபுலாக்களைக் குறித்தார், ஆனால் எம் 91 சொன்ன இடத்தில் பிறகு யாருக்கும் அகப்படவில்லை. வால்மீனாக இருந்திருக்கும் என்றார்கள், எம் 58-ஐயே திரும்பப் பார்த்துவிட்டார் என்றார்கள். 1969-ல் டெக்சாஸ் அமெச்சூர் வில்லியம்ஸ்தான் முடிச்சை அவிழ்த்தார்: மெஸ்ஸியே அளந்தது எம் 89-லிருந்து, ஆனால் எம் 58 என்று நினைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார். அதே இடைவெளியை எம் 89-லிருந்து போட்டால் நேராக என்ஜிசி 4548-ல் போய் நிற்கிறது. நீங்களும் இதையே செய்யுங்கள். ஒரு நிமிடம், ஒரு பாகை, கூட்டல் கழித்தல் குறி என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்.

சரி, பொருந்தக்கூடிய ஒன்று கிடைத்துவிட்டதா? அலாடின் என்ற வான வரைபட மென்பொருளில் அந்த இடத்துப் படத்தைத் திறந்து, பழைய விவரிப்போடு ஒப்பிடுங்கள். படத்தில் தெரிகிற எல்லாமே அந்தக் காலக் கண்ணுக்குத் தெரிந்திருக்காது, அதனால் மிக மங்கலானதைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். இரண்டு பொருள்கள் சமமாகப் பொருந்தினால் கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள். எம் 102 விஷயத்தில், அது எம் 101-ஐத் திரும்பக் குறித்ததுதான் என்று கண்டவரான மெஷேனே 1783-ல் கடிதம் எழுதியும், இல்லை, என்ஜிசி 5866-தான் என்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.