ஜப்பானில் பிள்ளைகளோடு சுற்றும்போது செய்யும் தவறுகள்

பிள்ளையின் வயதுக்கு ஜப்பானில் வாசலுக்கு வாசல் கணக்கு மாறும். ரயிலில் 6 முதல் 11 வயது வரை பாதிக் கட்டணம். டோக்கியோ டிஸ்னிலாண்டில் 4 வயதிலேயே டிக்கெட் எடுக்க வேண்டும். 12 ஆனால் கட்டணம் கூடும். இதைப் பார்க்காமல் பட்ஜெட் போட்டால் முதல் நாளே உதைக்கும்.

6 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ரயிலில் காசில்லை. டிக்கெட் எடுத்த ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள் வரைதான். மூன்றாவது பிள்ளைக்குப் பாதிக் கட்டணம். ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் முன்பதிவு இருக்கை தனியாக வேண்டுமென்றால் 3 வயதுப் பிள்ளைக்கும் பாதிக் கட்டணம் உண்டு. டோக்கியோவிலிருந்து கியோட்டோ போக இரண்டேகால் மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் மடியில் வைத்துச் சமாளிப்பதைவிட அந்தக் காசைக் கொடுத்துவிடலாம்.

பணம் ஏற்றி ரயில் வாசலில் தட்டி நுழையும் சுய்க்கா போன்ற கார்டு, டிக்கெட் தேவைப்படும் ஆளுக்கு ஒன்று வேண்டும். ஒரே கார்டைத் தட்டி இருவர் நுழைய முடியாது. பெரியவர் கார்டைப் பிள்ளை கையில் கொடுத்தால் முழுக் கட்டணம் போய்விடும். சிறுவர் கார்டைப் பாஸ்போர்ட் காட்டி கவுண்டரில் வாங்க வேண்டும்.

ஜப்பான் போகிறோம் என்றதும் ரயில் பாஸ் வாங்குவது பழைய பழக்கம். 7 நாள் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏறியது. டோக்கியோ–கியோட்டோ ஒரு வழிக் கட்டணம் 14,000 யென்னை ஒட்டித்தான். போய்த் திரும்ப மட்டும் பாஸ் வாங்கினால் நஷ்டம்தான். ஹிரோஷிமா வரை நீள்கிற பயணமென்றால் தனித்தனி டிக்கெட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பயணப் பெட்டி விஷயம்தான் அதிகம் படுத்தும். டோகாய்டோ, சான்யோ வழித்தட ஷின்கான்சென்களில் பயணப் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 செ.மீ. தாண்டினால், பெட்டி வைக்கும் இடத்தோடு சேர்ந்த இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். முன்பதிவுக்குத் தனிக் காசில்லை. செய்யாமல் ஏறினால் 1,000 யென் தண்டம். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் பெட்டி என்று ரயில் நிலையத்தில் லிஃப்ட் தேடி அலைவதைவிட, தக்யூபின் சேவையில் பெட்டியை ஓட்டலிலிருந்து ஓட்டலுக்கு அனுப்பிவிடலாம். பெரும்பாலும் மறுநாள் வந்து சேரும். அந்த ஓர் இரவுக்கான துணி, மருந்து, டயப்பரை மட்டும் முதுகுப்பையில் வைத்தால் போதும்.

மருந்து என்றதும் ஒன்று. மூக்கடைப்புக்குத் தரும் சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் கலந்த மருந்தை ஜப்பானுக்குள் கொண்டுபோகத் தடை. பிள்ளையின் சளி மருந்து லேபிளை ஊரிலேயே படித்துவிடுங்கள்.

வரைபடத்தில் பக்கமாகத் தெரிவதை நம்பக் கூடாது. டிஸ்னிலாண்டுக்குப் போகும் கெய்யோ ரயிலின் நடைமேடை டோக்கியோ நிலையத்துக்குள்தான் இருக்கிறது. ஆனால் மற்ற ரயில்களிலிருந்து இறங்கி அங்கே போய்ச் சேர, பிள்ளை நடையில் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலை 7.30 முதல் 9 மணி வரை நெரிசலில் தள்ளுவண்டியோடு ஏறுவதை நினைத்தே பார்க்காதீர்கள்.

டோக்கியோவின் மிட்டாக்காவில் இருக்கும், ஜிப்லி அனிமேஷன் பட நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்கு வாசலில் டிக்கெட் கிடையாது. அடுத்த மாத டிக்கெட் ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு, அதாவது இந்திய நேரம் காலை 6.30க்கு, விற்பனைக்கு வரும். நகோயா பக்கம் 2022இல் திறந்த ஜிப்லி பார்க் வேறு. பெயர் குழம்பி மாற்றி வாங்குகிறவர்கள் உண்டு. யூயெனோ மிருகக்காட்சி சாலைக்கும் பல அருங்காட்சியகங்களுக்கும் திங்கள் விடுமுறை.

சைவக் குடும்பங்கள் இறைச்சி இல்லையே என்று உடோன் நூடுல்ஸ் சூப்பை வாங்கிக் கொடுத்துவிடுகின்றன. அதன் தாஷி, அதாவது அடிச்சாறு, பெரும்பாலும் உலர்ந்த கட்சுவோ மீனில் ஊறியது. புளித்த சோயா விழுதில் செய்யும் மிசோ சூப்பும் அப்படித்தான். பிளம் ஊறுகாய் வைத்த ஓனிகிரி என்ற சோற்று உருண்டை ஓரளவு பாதுகாப்பு, அதிலும் லேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பல உணவகங்கள் மதியம் 2 மணியோடு மூடி 5 மணிக்குத்தான் திறக்கும். 3 மணிக்குப் பசிக்கும் பிள்ளைக்குப் பையில் ஏதாவது இருக்கட்டும். குப்பைத் தொட்டி தெருவில் கிடைக்காது, ஒரு காலிப் பையும் வேண்டும்.

வெந்நீர் ஊற்றுக் குளியலில் அம்மாவோடு மகன் போகலாம் என்று நினைப்பது அடுத்த தவறு. டோக்கியோவில் 2022 முதல் 7 வயதானால் எதிர்பாலர் பக்கம் அனுமதி இல்லை. மற்ற ஊர்களிலும் பெரும்பாலும் அதே போக்குதான். டயப்பர் போடும் குழந்தைகளைப் பல இடங்களில் சேர்ப்பதில்லை. குடும்பத்துக்கென வாடகைக்குத் தரும் தனிக் குளியல் உள்ள விடுதியாகத் தேடுங்கள்.

நாரா நகரில் திரியும் மான்கள் ஆயிரத்துக்கு மேல். அவற்றுக்கான பிஸ்கட்டை மட்டுமே கொடுக்கலாம். பிள்ளைகள் அதைக் காட்டிக் காட்டி மறைத்தால் மான் கடிக்கும், முட்டும், சட்டையை இழுக்கும். காட்டியதும் கொடுத்துவிட வேண்டும். தீர்ந்ததும் இரு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினால் மான் விலகிப் போகும். கையிலிருக்கும் காகித வரைபடத்தையும் பிளாஸ்டிக் பையையும் அதற்கு முன்பே பைக்குள் போட்டுவிடுங்கள், மான் அதையும் தின்றுவிடும்.