பழைய வால்வு ரேடியோவைப் பேச வைப்பது எப்படி?

எண்பது, தொண்ணூறு வருடம் பழைய வால்வு ரேடியோ (டிரான்சிஸ்டருக்குப் பதில் வால்வு எனும் குழாய்களால் வேலை செய்வது) ஒன்று கைக்கு வந்ததும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: பிளக்கைச் செருகிப் பார்ப்போமே! தயவுசெய்து செருகாதீர்கள். என் முதல் செட்டில் நான் அதைத்தான் செய்தேன். டயல் விளக்கு எரிந்தது, உர்ரென்று ஒரு சத்தம், இரண்டு நிமிடத்தில் தார் கருகும் வாடை. பவர் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. ஒரே ஒரு கெப்பாசிட்டரை (மின்னூட்டத்தைத் தேக்கும் சிறு பாகம்) முன்பே மாற்றியிருந்தால் அது பிழைத்திருக்கும். உங்கள் செட்டுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எந்த செட்டில் தொடங்கலாம்

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய செட்டுகளில், 1930-களின் பிற்பகுதியில் வந்தவை புதியவர்களுக்கு வசதி. 1935-ல் எட்டு ஊசி கொண்ட ஆக்டல் பேஸ் வந்தது. அந்த வகை வால்வுகள் பல இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன. 1920-களின் பேட்டரி செட்டுகள் பார்க்க அழகு, ஆனால் வால்வுக்குள் சூடாகும் கம்பியான ஃபிலமென்ட்டுக்கு ஒரு வோல்டேஜ், எலக்ட்ரான்களை வாங்கும் தகடான பிளேட்டுக்கு இன்னொன்று என்று தனித்தனி சப்ளை கேட்கும். அவை பிறகு. 1931-ல் வந்த பில்கோ 90, 1934-ல் வந்த எக்கோவின் வட்டமான பேக்லைட் செட் ஏடி65 போன்றவற்றுக்குச் சேகரிப்பாளர்கள் போட்டி போடுவார்கள். கை பழக அவை வேண்டாம். பெயர் தெரியாத, ஐந்து வால்வு டேபிள் செட் போதும்.

வாங்கும் முன் பின்பக்கம் எட்டிப் பாருங்கள். கனமான பவர் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா? இருந்தால் நல்லது. அது இல்லாத ஏசி/டிசி செட்டுகளும் நிறைய உண்டு. அவற்றில் வால்வுகளின் ஹீட்டர்கள் (உள்ளே சூடாக்கும் கம்பிகள்) சீரியல் விளக்கு மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நேரடியாக மெயின்ஸில், அதாவது வீட்டு மின்சாரத்தில், தொங்கும். 1939 வாக்கில் அமெரிக்காவில் பரவிய ஒரு வரிசையைப் பாருங்கள்: 12எஸ்ஏ7, 12எஸ்கே7, 12எஸ்க்யூ7, 50எல்6, 35இசட்5. முன்னால் இருக்கும் எண்தான் ஹீட்டர் வோல்டேஜ். கூட்டினால் 121, ஏறக்குறைய அந்த நாட்டு மெயின்ஸ். ரொம்ப அழகான யோசனைதான். ஆனால் இந்த வகையில் சேஸிஸே (பாகங்களைப் பொருத்திய உலோகச் சட்டமே) மெயின்ஸின் ஒரு முனையோடு சேர்ந்திருக்கலாம். தொட்டால் உயிருக்கே ஆபத்து. செட்டை மெயின்ஸோடு நேரடித் தொடர்பில்லாமல் பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இந்த வகை செட்டைத் திறந்து வேலை பார்க்கக் கூடாது. முதல் செட்டாக இதை வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

வால்வு இல்லாத செட்டைத் துணிந்து வாங்கலாம். டயல் கண்ணாடி உடைந்தோ ஸ்பீக்கர் காணாமலோ இருந்தால் யோசியுங்கள், அவைதான் கிடைக்காது. பின்பக்கத் தகட்டில் 110 வோல்ட்டா, 230 வோல்ட்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திறப்பது

மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், நல்ல கட்டர், கேமரா உள்ள போன். ஆரம்பத்துக்கு இவ்வளவு போதும். சேஸிஸை வெளியே எடுத்ததும், எதையும் தொடும் முன் எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள். பத்து படம் போதும் என்று தோன்றும், நாற்பது எடுங்கள். அந்த மாடலின் சர்க்யூட் படத்தையும் தேடி அச்சிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வால்வுகள். அடிப்பகுதியைப் பிடித்து மெதுவாக ஆட்டி எடுக்க வேண்டும், கண்ணாடியைப் பிடித்து இழுக்கக் கூடாது. தூசி படிந்திருக்கிறதே என்று துடைத்துவிடாதீர்கள்! கண்ணாடியில் அச்சிட்ட எண் விரல் பட்டாலே அழிந்துவிடும். மங்கலாக இருந்தால் அதன் மேல் வாயால் ஊதிப் பாருங்கள், ஆவி படியும் நொடியில் எண் தெரியும். உடனே குறித்து, எந்த சாக்கெட்டில் இருந்தது என்றும் எழுதுங்கள். ஹீட்டர் ஊசிகளுக்கு நடுவே மீட்டர் வைத்துத் தொடர்பு இருக்கிறதா என்று மட்டும் சோதித்தால் போதும். செட் பேசாததற்கு வால்வுதான் காரணம் என்று நினைத்து முழு செட் வால்வு வாங்குபவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் வால்வு நன்றாகவே இருக்கும்.

அந்தக் காலத்து ஸ்பீக்கர்களில் காந்தத்துக்குப் பதில் ஃபீல்ட் காயில் என்ற பெரிய சுருள் இருக்கும். பவர் சப்ளையின் வடிகட்டியும் பல செட்டுகளில் அதுவே. ஆகவே ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு செட்டை ஆன் செய்யக் கூடாது. அந்தச் சுருளை அளந்தால் பெரும்பாலும் 1000 முதல் 2500 ஓம் வரை காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது.

கெப்பாசிட்டர்கள்: முக்கால்வாசி வேலை இங்கேதான்

பழைய மெக்கானிக்குகள் கண்டென்சர் என்பார்கள். சேஸிஸின் அடியில் மெழுகு பூசிய காகிதக் குழாய்களாகத் தெரிபவை ஒரு வகை. அலுமினிய டப்பாவாகவோ அட்டைப் பெட்டியாகவோ இருப்பவை எலக்ட்ரோலிட்டிக். இந்த இரண்டையும் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுங்கள். தட்டையான மைக்கா கெப்பாசிட்டர்களை விட்டுவிடலாம், அவை அநேகமாகப் பழுதாவதில்லை.

காகிதம் காலப்போக்கில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அப்புறம் டிசி கசியும். எந்த இடத்தில் கசிந்தாலும் கெடுதல்தான், ஒரு இடத்தில் மட்டும் பேரழிவு: முதல் ஆடியோ வால்வின் பிளேட்டிலிருந்து ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு (கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் வலைக்கு) போகும் கெப்பாசிட்டர். பெரும்பாலும் 0.01 அல்லது 0.02 மைக்ரோஃபாரட் இருக்கும். ஒரு பக்கம் நூறு வோல்ட் போல இருக்கும், மறுபக்கம் பூஜ்யமோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். கசிந்தால் கிரிட் பாசிட்டிவ் ஆகும், அவுட்புட் வால்வு அளவில்லாமல் கரன்ட் இழுக்கும், பிளேட் சிவக்கும். பிறகு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபையர் வால்வு, கடைசியில் பவர் டிரான்ஸ்ஃபார்மர். என் முதல் செட் போனது இந்த வழியில்தான்.

மாற்றும்போது ஒரே விதி: ஒரு நேரத்தில் ஒன்று. பழையதை எடுங்கள், புதியதை வையுங்கள், சர்க்யூட் படத்தில் டிக் செய்யுங்கள், அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் வெட்டிப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் எது எங்கே என்று தெரியாது. 0.05 இருந்த இடத்தில் 0.047, 0.02-க்கு 0.022, 630 வோல்ட் ஃபிலிம் வகை. 8 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக்குக்கு 10, 450 வோல்ட். இதில் ஒரு பொறி உண்டு. எலக்ட்ரோலிட்டிக்கின் நெகட்டிவ் முனை எப்போதும் சேஸிஸில் இருக்காது. சில செட்டுகளில் பயாஸுக்காக (கிரிட்டுக்கு வேண்டிய நெகட்டிவ் வோல்டேஜுக்காக) நடுவே ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். பழையது எந்த முனையில் இருந்ததோ அதே முனையில் புதியதை வையுங்கள். மெயின்ஸில் நேரடியாக இணைந்த கெப்பாசிட்டர் இருந்தால், அந்த இடத்துக்கென்றே செய்யப்பட்ட எக்ஸ் அல்லது ஒய் வகை பாதுகாப்புக் கெப்பாசிட்டர்தான் போட வேண்டும்.

ரெசிஸ்டர்களில் நிறக் கோடுகளைத் தேடாதீர்கள். உடலின் நிறம் முதல் இலக்கம், முனையின் நிறம் இரண்டாவது, நடுப்புள்ளி பெருக்கும் எண். பச்சை உடல், கறுப்பு முனை, மஞ்சள் புள்ளி என்றால் 5, 0, அதற்குப் பின் நான்கு பூஜ்யம்: 5,00,000 ஓம். 20 சதவீதத்துக்கு மேல் விலகியவற்றை மாற்றுங்கள். மெயின்ஸ் ஒயரையும் மாற்றி ஒரு ஃபியூஸ் சேருங்கள். உள்ளே ரப்பர் உறை நொறுங்கும் ஒயர்கள் இருந்தால் அவையும் போக வேண்டும்.

முதல் மின்சாரம்

நேரடியாக வேண்டாம். ஒரு 60 வாட் குண்டு பல்பை செட்டோடு சீரிஸில் இணையுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. முதலில் ரெக்டிஃபையர் வால்வைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பல்பு மங்கலாக இருந்து, மற்ற வால்வுகளின் ஹீட்டர் லேசாகச் சிவந்தால் டிரான்ஸ்ஃபார்மர் நலம். பல்பு பிரகாசமாகவே நின்றால் எங்கோ ஷார்ட், உடனே ஆஃப்.

சரி, இப்போது ரெக்டிஃபையரைப் போடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து, பிறகு மங்க வேண்டும். சீரிஸ் பல்பை எடுத்துவிட்டுச் சர்க்யூட் படத்தில் சொன்ன வோல்டேஜ்களை ஒவ்வொன்றாக அளங்கள். பிளேட் சப்ளை 250 வோல்ட்டைத் தாண்டலாம். மீட்டரின் கறுப்பு முனையைக் கிளிப்பால் சேஸிஸில் மாட்டிவிட்டு ஒரு கையை மட்டும் பயன்படுத்துங்கள், மற்ற கை பாக்கெட்டில் இருக்கட்டும். ஆஃப் செய்த பிறகும் எலக்ட்ரோலிட்டிக்கில் சார்ஜ் நிற்கும், ஒரு ரெசிஸ்டர் வழியாக அதை இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

ஐந்தாறு மீட்டர் ஒயரை ஏரியலாக மாட்டி, இரவில் மீடியம் வேவைத் திருப்புங்கள். இவை ஏஎம் செட்டுகள், எஃப்எம் வராது. ஸ்டேஷன் வந்தும் சத்தம் குறைவாக இருந்தால் ஐஎஃப் டிரான்ஸ்ஃபார்மர்களின் (ஸ்டேஷன் சிக்னலை ஒரே நிலையான அலைவரிசைக்கு மாற்றிய பின் அதை வடிகட்டும் சுருள்களின்) திருகுகளைத் திருப்பும் ஆசை வரும். சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல் தொடாதீர்கள். அமெரிக்க செட்டுகளில் அந்த அலைவரிசை பெரும்பாலும் 455 கிலோஹெர்ட்ஸ், பிரிட்டிஷ் செட்டுகளில் பல 465, பழையவற்றில் 175-ம் உண்டு. உங்கள் செட்டினுடையது எது என்று சர்க்யூட் படத்தில் இருக்கும்.

மரப்பெட்டிக்கு ஈரத்துணியும் சாண்ட்பேப்பரும் எதிரிகள். மேலே ஒட்டிய வெனீர் மிக மெல்லியது, அதன் பசை தண்ணீரில் கரையும். உலர்ந்த பிரஷ், அப்புறம் கொஞ்சம் வேக்ஸ், போதும்.

சேஸிஸை வெளியிலேயே வைத்து ஒரு மணி நேரம் பாடவிடுங்கள். ஆஃப் செய்து பிளக்கை எடுத்துவிட்டு டிரான்ஸ்ஃபார்மர் மேல் கை வையுங்கள். சூடு இருக்கும், ஆனால் கையை எடுக்காமல் வைத்திருக்க முடிய வேண்டும். முடிந்தால் பெட்டிக்குள் ஏற்றுங்கள். மாற்றிய பாகங்களின் பட்டியலைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி, பெட்டியின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்து இதைத் திறக்கப் போகிறவருக்கு அது வேண்டும்.