கசந்த லூபினைச் சுண்டலாக்கிய கதை

குவைத்தில் வேலை செய்யும் தம்பி போன முறை கிருஷ்ணகிரிக்கு வந்தபோது ஒரு கிலோ லூபின் கொட்டை வாங்கி வந்தான். அரபு நாடுகளில் துர்முஸ் என்பார்கள். தட்டையாக, வெளிர் மஞ்சளாக, பார்க்க நம்ம மொச்சை மாதிரியே இருக்கும்.

மொச்சைதானே என்று ராத்திரி ஊறவைத்துக் காலையில் குக்கரில் வேகவைத்தேன். வாயில் வைக்க முடியவில்லை, அப்படி ஒரு கசப்பு. வேகவைத்த அத்தனையையும் கொட்டினேன்.

அதிலுள்ள ஆல்கலாய்டு என்ற வேதிப்பொருள்தான் காரணம். அது கசப்பு மட்டுமல்ல, நஞ்சும்கூட. வேகவைத்தால் அழியாது, தண்ணீரில் கரைந்துதான் வெளியேற வேண்டும்.

மறுபடி கால் கிலோ எடுத்தேன். 12 மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவிட்டு, வடித்து, அகலமான பாத்திரத்தில் நிறையப் பச்சைத்தண்ணீர் ஊற்றினேன். காலையும் மாலையும் தண்ணீர் மாற்றினேன். வடித்த நீரைக் கழுநீர்த் தொட்டியில் ஊற்றவில்லை. மாடு குடித்துவிடக் கூடாதே. தினமும் ஒரு கொட்டையைக் கடித்துப் பார்த்துத் துப்பினேன். ஆறாம் நாள் கசப்பு துளியும் இல்லை. பிறகுதான் உப்புத் தண்ணீரில் போட்டேன்.

பிதுக்குப் பருப்புக்குப் பிதுக்குவது போல அழுத்தினால் தோல் நழுவி, வழவழவென்று பருப்பு வெளியே வரும். கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்துத் தேங்காய் தூவினேன். அம்மா இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

காய்ந்த லூபின் 100 கிராமில் சுமார் 36 கிராம் புரதம்; நம்ம கொள்ளில் 22 தான். ஆனால் வேர்க்கடலை ஒவ்வாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம், அவர்களுக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம்.