கண்ட்ரோலர்ல சும்மா கெடக்குற ஜைரோவ வச்சு குறி பாக்குறது எப்படி

பிஎஸ்4, பிஎஸ்5 கண்ட்ரோலர், ஸ்விட்ச் ஜாய்கான், ஸ்விட்ச் ப்ரோ இதுல எது உங்ககிட்ட இருந்தாலும் உள்ள ஒரு ஜைரோ சென்சார் இருக்கு, கைய எந்தப் பக்கம் எவ்ளோ வேகத்துல திருப்புறீங்கன்னு அதுக்கு நல்லாவே தெரியும். ஆனா துப்பாக்கி கேம்ல குறி பாக்க அத யூஸ் பண்றவங்க ரொம்ப கம்மி. இத்தனைக்கும் மொபைல்ல பிஜிஎம்ஐ (நம்ம ஊரு பப்ஜி) ஆடுற பசங்க ஜைரோ இல்லாம ஸ்ப்ரே கன்ட்ரோல், அதாவது விடாம சுடும்போது துள்ளுற துப்பாக்கிய அடக்குறது, பண்றதே இல்ல. அதே பசங்க கண்ட்ரோலர கைல எடுத்ததும் கட்டைவிரல் ஒண்ண மட்டும் நம்பி ஆடுறாங்க, அதான் எனக்கு தாங்கல.

ஜைரோவோட பேர் கெட்டதுக்கு காரணம் இருக்கு. 2006ல பிஎஸ்3 கூட வந்த சிக்ஸ்ஆக்ஸிஸ் கண்ட்ரோலர்ல ஜைரோ ஒரே ஒரு அச்சுக்குத்தான் இருந்துச்சு, மீதிய ஆக்சலரோமீட்டர்ங்கிற, சாய்வையும் ஆட்டத்தையும் அளக்குற சென்சார் வச்சு ஓட்டுனாங்க. அடுத்த வருஷம் வந்த லேர்ங்கிற கேம்ல டிராகன கண்ட்ரோலர சாய்ச்சுதான் ஓட்டணும்னு கட்டாயம், ஆட்கள் திட்டுன திட்டுல அப்புறம் பேட்ச் விட்டு ஸ்டிக்கையும் குடுத்தாங்க. 2013ல பிஎஸ்4 கண்ட்ரோலரான டூயல்ஷாக் 4ல மூணு அச்சுக்கும் நல்ல ஜைரோ வந்தப்போ, ஜைரோன்னாலே கண்ட்ரோலர அப்படியும் இப்படியும் ஆட்டுறதுன்னு எல்லார் மனசுலயும் பதிஞ்சு போச்சு. அதுக்கு மேல எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர்ல ஜைரோவே கெடையாது, பிசில பெரும்பாலான கேமுங்க கண்ட்ரோலர் கூட பேசுற முறையான எக்ஸ்இன்புட்லயும் அதுக்கு இடமே இல்ல, அப்புறம் எல்லா மெஷினுக்கும் சேர்த்து கேம் பண்றவங்க எதுக்கு மெனக்கெடுவாங்க.

சரி, செட்டிங்குக்கு வருவோம். பிசில ஸ்டீம் (கேம் வாங்கி ஆடுற ஆப்) இருந்தா போதும், கேம்ல ஜைரோ சப்போர்ட் இல்லாட்டியும் நாமளே போட்டுக்கலாம். தேர்ட் பார்ட்டி கண்ட்ரோலர் வச்சிருக்கவங்க ஒண்ணு பாத்துக்கோங்க, ஜைரோ இருக்குன்னு பெட்டில போட்டிருந்தாலும் எக்ஸ்இன்புட் மோட்ல கனெக்ட் பண்ணா அந்த சிக்னல் பிசிக்கு வராது, ஸ்விட்ச் மோட்ல போட்டு கனெக்ட் பண்ணுங்க.

மொதல்ல கண்ட்ரோலர டேபிள் மேல அசையாம வச்சுட்டு ஸ்டீம் செட்டிங்ஸ்ல கண்ட்ரோலர் பக்கம் போய் ஜைரோவ கேலிபரேட் பண்ணிடுங்க, இத விட்டுட்டீங்கன்னா கைய ஆட்டாமலே கேமரா மெதுவா ஒரு பக்கம் நகர வாய்ப்பிருக்கு. அப்புறம் லைப்ரரில அந்த கேம் பக்கத்துல இருக்குற கண்ட்ரோலர் ஐகான அமுக்கி, ஸ்டீம் இன்புட்ட ஆன் பண்ணி, லேஅவுட்ட எடிட் பண்ணப் போனா ஜைரோன்னு தனியா இருக்கும். அதுல 'ஜைரோ டு மவுஸ்' எடுங்க. ஜாய்ஸ்டிக் மாதிரி வேலை செய்யுற ஆப்ஷனும் இருக்கு, ஆனா அதுல கேமோட டெட்சோன், அதாவது ஸ்டிக்க லேசா அசைச்சா கேம் கண்டுக்காம விடுற அளவு, குறுக்க வந்து சின்ன அசைவையெல்லாம் முழுங்கிடும், நமக்கு வேண்டியதே அந்த சின்ன அசைவுதான்.

அடுத்தது ஜைரோ எப்போ ஆன் ஆகணும்ங்கிறது, இங்கதான் நிறைய பேர் ஒழுங்கா செட் பண்ணாம அஞ்சு நிமிஷத்துல வெறுத்துப் போயிடுறாங்க. பிஜிஎம்ஐல 'ஸ்கோப் ஆன்', 'ஆல்வேஸ் ஆன்'னு ரெண்டு இருக்குல்ல, அதே கதைதான் இங்கயும். புதுசா ஆரம்பிக்கிறவங்க எல்2 (இடது பக்க ட்ரிக்கர்) புடிச்சு குறி பாக்கும்போது மட்டும் ஆன் ஆகுற மாதிரி வைங்க. பழகுனதும் ஆல்வேஸ் ஆன் போட்டு, அத நிறுத்துறதுக்கு ஒரு பட்டன குடுங்க, டூயல்சென்ஸ்ல (பிஎஸ்5 கண்ட்ரோலர்) டச்பேட தொட்டா நிக்குற மாதிரி வச்சா வசதி. நிறுத்துற பட்டன் எதுக்குன்னா, மவுஸ பேட் ஓரத்துக்கு வந்ததும் தூக்கி நடுவுல வைக்கிறோம்ல, அதே வேலைதான், கை ரொம்ப திரும்பிருச்சுன்னா டச்பேட தொட்டுக்கிட்டு கைய நேராக்கி விட்டுடலாம், குறி வச்ச எடத்துலயே நிக்கும். ஸ்டீம் டெக்ல (ஸ்டீம் கேம் ஆடுற கையடக்க மெஷின்) இன்னும் சுகம், வலது ஸ்டிக்கோட தலைய விரல் தொட்டாலே அதுக்குத் தெரியும், அதையே ஆன் பட்டனா வச்சுக்கலாம்.

சென்சிட்டிவிட்டிக்கு மொதல்ல 'டாட்ஸ் பெர் 360' நம்பர சரி பண்ணணும், கேமரா ஒரு முழு சுத்து சுத்த மவுஸ் எத்தன புள்ளி நகரணும்ங்கிற கணக்கு அது, கேம்குள்ள கேமரா சரியா ஒரு முழு சுத்து சுத்தி ஆரம்பிச்ச எடத்துலயே நிக்குற வரைக்கும் அந்த நம்பர ஏத்தி எறக்குங்க. இது சரியாயிடுச்சுன்னா மேல இருக்குற சென்சிட்டிவிட்டிக்கு ஒரு அர்த்தம் வந்துடும்: 1ன்னா நீங்க கைய 10 டிகிரி திருப்புனா கேமராவும் 10 டிகிரி, 3ன்னா 30 டிகிரி. 2ல இருந்து 4க்குள்ள எங்கயாவது உங்க கைக்கு ஒத்து வரும். திரும்புற ஸ்டைல்ல 'ப்ளேயர் ஸ்பேஸ்' எடுங்க, மடில வச்சாலும் நெஞ்சுக்கு நேரா புடிச்சாலும் இடம் வலம் சரியா வரும். அப்புறம் கேம் செட்டிங்ஸ்ல மவுஸ் ஆக்சலரேஷன் (வேகமா நகர்த்துனா கூடுதலா திருப்புறது), ஸ்மூத்திங் (அசைவ மழுப்புறது) ரெண்டையும் ஆஃப் பண்ணிடுங்க.

இப்ப ஆடுற விதம். ஜைரோ ஸ்டிக்குக்கு பதிலா வந்தது இல்ல, ரெண்டும் சேர்ந்து வேலை செய்யணும். செவுத்து ஓரத்துல ஒருத்தன் எட்டிப் பாக்குறான்னு வைங்க, ஸ்டிக்க தள்ளி அவன் இருக்குற பக்கம் குத்துமதிப்பா திரும்பிடுங்க, குறி அவன் தோள் பக்கத்துல வந்து நிக்கும், இப்ப ஸ்டிக்க விட்டுட்டு மணிக்கட்ட லேசா, ரெண்டு மூணு டிகிரி திருப்புங்க, குறி தலைல வந்து உக்காரும். ஸ்டிக்க வச்சே அந்த கடைசி நூல் அளவ சரி பண்ணப் போனா தாண்டிப் போகும், திரும்ப இழுத்தா இந்தப் பக்கம் தாண்டும், அதுக்குள்ள அவன் நம்மள சுட்டுருப்பான்.

ஒரு தொல்லை உண்டு. சில கேம் கண்ட்ரோலரையும் மவுஸையும் ஒரே நேரத்துல ஏத்துக்காது, ஸ்க்ரீன்ல பட்டன் படம் எக்ஸுக்கும் ஸ்பேஸ்பாருக்கும் மாறி மாறி மின்னும், நடக்கும்போது விட்டு விட்டு நிக்கும். அப்ப எல்லா பட்டனையும் கீபோர்டு மவுஸா மாத்தி போட்டுடுங்க, ஸ்டிக்க லேசா தள்ளி மெதுவா நடக்குறது போயிடும்தான், ஆனா குறி கிடைக்கும்.

கன்சோல்ல இவ்ளோ வேலை இல்ல, கேமே குடுத்தாதான் உண்டு. ஸ்விட்ச்ல ஸ்ப்ளாட்டூன்தான் பழகுறதுக்கு பெஸ்ட், அதுல ஜைரோ ஆன்லயே வரும், மேல கீழ பாக்குறது மொத்தமும் கை அசைவுலதான், குறி கோணலாயிருச்சுன்னா ஒய் பட்டன அமுக்குனா நேராயிடும். பிஎஸ்5ல ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட் செட்டிங்ஸ்ல மோஷன் எய்மிங் இருக்கு, வில்லுக்கு ரொம்ப பொருத்தம். ஃபோர்ட்நைட்ல 2022ல ஜைரோவோட ஃப்ளிக் ஸ்டிக்கும் சேர்த்து வந்துச்சு, பிசில கண்ட்ரோலர் ஜைரோவ மவுஸா மாத்துற ஜாய்ஷாக்மேப்பர்ங்கிற சாஃப்ட்வேர எழுதுன ஜிப் ஸ்மார்ட் கண்டுபுடிச்ச முறைதான் ஃப்ளிக் ஸ்டிக், ஸ்டிக்க பின்னாடி தள்ளுனா அந்த செகண்டே கேமரா பின்பக்கம் திரும்பிடும், மீதி எல்லாத்தையும் ஜைரோ பாத்துக்கும். ஆனா ஃப்ளிக் ஸ்டிக்க மொத நாளே போடாதீங்க, சாதா ஜைரோ கைக்கு வந்த பிறகு போடுங்க. அது வரைக்கும் ஆன்லைன் மேட்ச் வேணாம், ட்ரெய்னிங் ரூம்லயோ கதை மோட்லயோ ஆடுங்க, செட்டிங்க தினம் மாத்தாம ஒரு வாரமாவது அப்படியே விடுங்க, கேம் எய்ம் அசிஸ்ட் (குறிய எதிரி பக்கம் தானா இழுக்குற உதவி) குடுத்தா அதையும் ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா நீங்க ஒரு பக்கம் அது ஒரு பக்கம்னு குறிய இழுத்துக்கிட்டு இருப்பீங்க.