தமிழ்நாட்டில் வாடகை தராத குடியிருப்பவரைச் சட்டப்படி வெளியேற்றும் வழி

வாடகை நின்றவுடன் மின்சாரத்தைத் துண்டிப்பதும் குடிநீரை அடைப்பதும் வேறு பூட்டுப் போடுவதும் வீட்டு உரிமையாளர் செய்யக்கூடாதவை. அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதை, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் வெளிப்படையாகவே தடுக்கிறது.

முதலில் எழுத்து மூலமான ஒப்பந்தத்தையும், அது வாடகை அதிகாரியிடம் பதிவாகி எண் பெற்றிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அடுத்தது அறிவிப்பு, வழக்கின் பலம் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. இரண்டு மாத வாடகை பாக்கியானால், எந்தெந்த மாதத்துக்கு எவ்வளவு, இதர கட்டணமும் தாமத வட்டியும் எவ்வளவு என்று தனித்தனியே குறிப்பிட்டு, கையொப்பமிட்டு, சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்ப வேண்டும். வாய்வார்த்தையில் கேட்டதை அறிவிப்பாகச் சட்டம் ஏற்பதில்லை. அறிவிப்பு கிடைத்த ஒரு மாதத்துக்குள் குடியிருப்பவர் முழுத் தொகையையும் வட்டியுடன் உங்களிடம் செலுத்தினாலோ வாடகை நீதிமன்றத்தில் கட்டினாலோ, அந்தப் பாக்கியைக் காட்டி வெளியேற்ற முடியாது. ஆனால் ஒருமுறை இச்சலுகையைப் பெற்றவர், அதன் பிறகு ஏதேனும் ஓர் ஆண்டில் தொடர்ந்து இரண்டு மாதம் தவறினால் மீண்டும் அதைக் கோர இயலாது.

கெடு கடந்தால் ஒப்பந்தம், அறிவிப்பின் நகல், தபால் ஒப்புகை, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றுடன் வாடகை நீதிமன்றத்தில் மனு செய்யலாம். காவல் நிலையத்துக்கு அலைவது பெரும்பாலும் வீண். வெளியேற்ற உத்தரவிடும் அதிகாரம் அங்கே இல்லை.