சாயங்காலம் நாலு மணிக் கணக்கு

32 வீடுகளுக்கு ஒரே சோலார் நிலையம். வெளியிலிருந்து லைன் வராத இடம். 6 கிலோவாட் பேனல், 5 கிலோவாட் இன்வெர்ட்டர், 2 வோல்ட் செல் 24 கோத்த 600 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. இதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. இப்படி ஒரு நிலையம் உங்கள் கைக்கு வந்திருந்தால், 'இன்னும் நாலு பேனல் போடுங்கள்' என்று கேட்பதற்கு முன்னால் ஒரு நோட்டும், வயரை வெட்டாமல் வெளியிலிருந்தே கவ்வி கரண்டை அளக்கிற கிளாம்ப் மீட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரிக்குக் கையில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். 48 வோல்ட், 600 ஆம்பியர்-ஹவர் என்றால் 28.8 யூனிட். லெட்-ஆசிட் பேட்டரியைத் தினமும் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் வேகமாகக் குறையும். ஆகவே செலவழிக்கக் கிடைப்பது 14.4 யூனிட், இன்வெர்ட்டர் தின்பது போக 13 என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு எதிரே வீட்டுக்கு ஒரு 75 வாட் மின்விசிறி 8 மணி நேரம் ஓடினால் 32 வீட்டுக்கும் 19.2 யூனிட். அங்கேயே கதை முடிந்தது. அதே காற்றை 30 வாட்டில் தருகிற பிஎல்டிசி விசிறி (கரண்டைக் குறைவாக இழுக்கிற மோட்டார் உள்ளது) என்றால் 7.7 யூனிட். வீட்டுக்கு மூன்று 9 வாட் எல்இடி, 5 மணி நேரம், 4.3 யூனிட். இரண்டும் சேர்ந்து 12. போன் சார்ஜுக்கும் கொஞ்சம் மிஞ்சும்.

எல்லோரும் பல்பை மாற்றச் சொல்வார்கள். என் அனுபவத்தில் விசிறியைத்தான் முதலில் மாற்றவேண்டும். பல்பு பத்து மணிக்கு அணைந்துவிடும், விசிறி விடியும்வரை சுற்றும்.

வீடு வீடாகப் போய் 'என்னென்ன வைத்திருக்கிறீர்கள்' என்று கேட்டு எழுதினால் மட்டும் போதாது. ஒவ்வொரு வீட்டு லைனிலும் ராத்திரி ஏழு, ஒன்பது, பதினொன்று, அப்புறம் விடியற்காலை நாலு மணிக்கு மீட்டர் வைத்துப் பாருங்கள். நாலு மணி அளவு முக்கியம். எல்லோரும் தூங்குகிற நேரத்தில் ஒரு வீட்டில் அரை ஆம்பியர் ஓடுகிறது என்றால், விசிறி போக டிவிப் பெட்டி எங்கோ விழித்திருக்கிறது.

அடுத்தது, ராத்திரியில் ஓட அவசியமில்லாத எல்லாவற்றையும் பகலுக்குத் தள்ளுவது. தண்ணீர் மோட்டார்தான் பெரிய ஆள். ஒரு குதிரைசக்தி மோட்டார் ஓடும்போது கிட்டத்தட்ட ஒரு கிலோவாட் இழுக்கும்; கிளம்புகிற நொடியில் ஐந்தாறு மடங்கு கரண்ட் கேட்கும். ராத்திரி எட்டு மணிக்கு, எல்லா வீட்டிலும் விளக்கும் டிவியும் ஓடும்போது அது கிளம்பினால் இன்வெர்ட்டர் ட்ரிப். மதியம் பேட்டரி நிறைய நிறைய உள்ளே போகிற கரண்ட் குறைந்துகொண்டே வரும். பேனல் தரக்கூடியதில் ஒரு பங்கு பயன்படாமலே போகும். அந்த நேரத்தில் மோட்டாரைப் போடுங்கள். காலை பத்துக்கே போட்டால் பேட்டரியோடு போட்டியிடும். மேல்நிலைத் தொட்டியில் ஏறிய தண்ணீரும் சேமித்த கரண்ட்தான். பேட்டரியில் போட்டு எடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடும். தொட்டியில் அந்த நஷ்டம் இல்லை.

இஸ்திரிப் பெட்டி 1,000 வாட். ஐந்து வீட்டில் சேர்ந்தாற்போலப் போட்டால் இன்வெர்ட்டரின் முழுத் திறனும் அதற்கே சரி. ஆகவே தெருவாரியாக முறை வைத்து மதியம் மட்டும். வீட்டு லைனில் 2 ஆம்பியர் எம்சிபி, அதாவது கரண்ட் அளவு மீறினால் தானாக அணைகிற சுவிட்ச், போட்டிருக்கிறோம். 460 வாட்டை வெகுவாகத் தாண்டினால் கொஞ்ச நேரத்தில் விழுந்துவிடும். இஸ்திரி முறை வருகிற வீட்டுக்கு மட்டும் அந்த மதியம் பெரிய எம்சிபி வழியாக மாற்றிக் கொடுப்பேன்.

நான் செய்த தப்பையும் சொல்லவேண்டும். முதல் மழைக்காலத்தில் மூன்று நாள் வெயிலே இல்லை. பேட்டரியைக் காப்பாற்ற யாரிடமும் சொல்லாமல் ராத்திரி ஒன்பதுக்கு மொத்த லைனையும் இறக்கினேன். கடைசி வீட்டு அக்கா டார்ச்சோடு வந்து நின்றார். "தம்பி, சாயங்காலமே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பொண்ணு வெளிச்சத்துலயே படிச்சு முடிச்சிருப்பாளே." எனக்குப் பதில் வரவில்லை.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நாலு மணிக்குச் சார்ஜ் கன்ட்ரோலரை, அதாவது பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகிற சார்ஜைக் கட்டுப்படுத்துகிற பெட்டியை, பார்க்கிறேன். ஃப்ளோட் (பேட்டரி நிறைந்த பிறகு வருகிற கடைசிக் கட்டம்) வரைக்கும் போயிருந்தால் நிலையத்து வாசலில் பச்சை விளக்கு. அதற்கு முந்தைய கட்டமான அப்சார்ப்ஷன் வந்து முடியாமல் நின்றிருந்தால் மஞ்சள்: டிவி ஒரு மணி நேரம் மட்டும். அதுவும் வரவில்லையென்றால் சிவப்பு: விளக்கும் போனும்தான். நிறுத்துகிற வரிசையைக் கூட்டத்தில் வைத்து முடிவு செய்தோம்: முதலில் தெருவிளக்கில் ஒன்றுவிட்டு ஒன்று, பிறகு டிவி, அதன் பிறகு விசிறி. மருந்து வைத்திருக்கும் குளிர்பெட்டிக்குத் தனி லைன்; அதை யாரும் தொடுவதில்லை. சிவப்பு எரிகிற நாளில் இப்போது சிறுவர்களே ஓடிப்போய் வீடு வீடாகச் சொல்லிவிடுகிறார்கள்.

காலையில், வெயில் ஏறுவதற்கு முன், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு ஆசிட்டின் அடர்த்தியை அளக்கிற ஹைட்ரோமீட்டரால் நாலைந்து செல்லைப் பாருங்கள். ஆசிட்டைக் குழாயில் உறிஞ்சினால் மிதவை எங்கே நிற்கிறதோ அதுதான் நேற்று ராத்திரியின் கணக்கு. 1.265 பக்கம் என்றால் முழுசு, 1.200 சுற்றி நின்றால் பாதி. அதற்கும் கீழே மூழ்கினால் அன்று சாயங்காலம் மஞ்சளை நம்பாதீர்கள், சிவப்பே போடுங்கள். லித்தியம் பேட்டரிக்கு இந்தச் சோதனை கிடையாது; அதன் வோல்டேஜும் பெரும்பகுதி நேரம் ஒரே இடத்தில் நிற்கும் என்பதால் பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கிற மின்னணுப் பலகை) காட்டுகிற சதவீதத்தைத்தான் பார்க்கவேண்டும்.