சர்க்கரை மாத்திரைக்கு மருந்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கம்பெனி வைத்த பெயரோடு, மருந்தின் பெயரும் அளவும் இருக்கும்: 'மெட்ஃபார்மின் 500 மி.கி.', 'கிளிமெபிரைடு 1 மி.கி.' என்று. அதை அப்படியே எழுதிக்கொண்டு, டாக்டர் சீட்டோடு, அரசுத் திட்டத்தில் நடக்கும் மலிவு விலைக் கடைகளான மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ கேளுங்கள். பல மாத்திரைகள் பாதி விலைக்கும் குறைவாகவே கிடைக்கும்.

உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதான். கூடுதல் விலை பெரும்பாலும் பிராண்டுக்குப் போகிறது. டாபாகிளிஃப்ளோசின், சிட்டாகிளிப்டின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகிய சர்க்கரை மருந்துகளின் மூலக் காப்புரிமையும் (கண்டுபிடித்த கம்பெனிக்கு மட்டும் இருந்த விற்பனை உரிமை) 2020 முதல் 2025க்குள் இந்தியாவில் முடிந்துவிட்டது, அதனால் மற்ற கம்பெனிகளும் அவற்றைச் செய்து விற்கலாம். முன்பு விலை கேட்டு மலைத்துப்போய் விட்டிருந்தால், இப்போது மறுபடி விசாரியுங்கள். அந்தப் பணமும் இல்லையென்றால் தயங்கவே வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை மாத்திரை இலவசம். நடக்க முடியாதவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள்.

பெயருக்குப் பின்னால் 'எஸ்ஆர்' அல்லது 'இஆர்' என்று இருந்தால் அதுவும் அதேபோல் இருக்க வேண்டும். அவை மெதுவாகக் கரைபவை, சாதா மாத்திரையை அதற்குப் பதிலாக வாங்கக் கூடாது. இன்சுலினுக்கு இந்த வழி சரிவராது. டாக்டரைக் கேட்காமல் வகையை மாற்றாதீர்கள். சிரிஞ்சு வாங்கும்போதும் கவனம்: குப்பியில் 40 யூனிட் என்றிருந்தால் சிரிஞ்சிலும் 40, குப்பியில் 100 என்றால் சிரிஞ்சிலும் 100. மாறினால் மருந்தின் அளவே தப்பிவிடும்.